சுடச்சுட வடையை பேப்பர்ல வாங்காதீங்க

கல்முனை, காத்தான்குடி பக்கம் பின்னேரம் வடை, ரோல்ஸ் வாங்கப் போகக்குள்ள ஒரு சில்வர் டப்பாவும் அதுக்குள்ள துடைச்ச வாழையிலைத் துண்டும் கொண்டு போங்க, கடைக்காரர்ட்ட இதுக்குள்ளயே போட்டுத் தாங்க எண்டு சொன்னா ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லமாட்டாங்க.

பழைய பேப்பர், எக்ஸாம் பேப்பர்ல இருக்கிற மை சூடான எண்ணெய் பட்டா இளகி சாப்பாட்டுல ஏறிடும், பருப்பு வடையைத் திருப்பிப் பாத்தீங்கண்டா சில நேரம் எழுத்தே தலைகீழாப் பதிஞ்சு கிடக்கும், அந்த மையில மினரல் ஒயிலும் சாயமும் இருக்கு, பிள்ளைகள் அதையும் சேத்துத்தான் திண்ணுதுகள். இந்தியாவுல உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லயே பேப்பர்ல சாப்பாடு சுத்த வேணாம் எண்டு அறிவிச்சது. வீட்டுல பொரிச்சதுக்கு எண்ணெய் ஒத்தி எடுக்கிறதும் பேப்பர்ல வேணாம், அதுவும் இதே கதைதான். எழுத்து இல்லாத பேப்பர் எண்டாலும் பழசுல இருந்து திருப்பிச் செஞ்சதுல மை மிச்சம் இருக்கலாம், அதால இலைதான் நல்லம்.

தோலோட இருக்கிற வாழைப்பழம், கோதோட கச்சான் மாதிரி காஞ்ச சாமானுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவல்ல, உரிச்சுத்தானே திங்கிற.