எமுலேட்டர் கேம் கோப்புகள்: எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது?

எமுலேட்டர் (கன்சோல் கேமைக் கணினியில் ஓட்டும் நிரல்) வைத்திருப்பதே குற்றம் என்று பலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். சோனியின் பயாஸை (கன்சோலைத் தொடங்கிவைக்கும் உள்நிரல்) பிரித்து ஆராய்ந்து கனெக்டிக்ஸ் நிறுவனம் சொந்தமாக ஒரு பிளேஸ்டேஷன் எமுலேட்டர் எழுதியது. அப்படி ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. சிக்கல் எமுலேட்டரில் இல்லை, அதில் ஏற்றும் கோப்பில் இருக்கிறது.

படி 1: கோப்புகளைப் பிரியுங்கள்

பகிர நினைக்கும் ஜிப்பைத் திறந்து பாருங்கள். எமுலேட்டர் நிரல் திறந்த உரிமத்தில் வந்திருந்தால், உரிமக் கோப்போடு சேர்த்துக் கொடுக்கலாம். பயாஸ் கன்சோல் நிறுவனத்தின் சொத்து, ரோம் (கேமின் நகல் கோப்பு) கேம் நிறுவனத்தின் சொத்து. இரண்டையும் வெளியே எடுத்துவிடுங்கள். பயாஸ் சிறிய கோப்பு என்பதால் கவனிக்காமல் உள்ளேயே விட்டுவிடுவார்கள். எம்ஜிபிஏ என்ற கேம்பாய் அட்வான்ஸ் எமுலேட்டரில் அதற்கு மாற்று உள்ளேயே இருக்கிறது. பிசிஎஸ்எக்ஸ்2 என்ற பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டருக்கு உங்கள் கன்சோலில் இருந்தே எடுக்க வேண்டும்.

படி 2: உரிமத்தைத் தேடுங்கள்

கடையில் கிடைக்கவில்லை, நிறுவனமே மூடிவிட்டது என்பதெல்லாம் அனுமதி ஆகாது. அமெரிக்காவில் நிறுவனப் படைப்புக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு: 1985-இல் வந்த கேமுக்கு 2080 முடியும்வரை. ‘24 மணி நேரத்தில் அழித்துவிட்டால் தப்பில்லை’ என்று ஒரு சட்டம் எங்கும் கிடையாது. காசு வாங்காமல் கொடுத்தாலும் மீறல் மீறல்தான்.

டூம் என்ற கேமைப் பாருங்கள். அதன் இன்ஜின் மூலநிரல் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் இருக்கிறது. படங்களும் நிலைகளும் அடங்கிய முழு வாட் கோப்பு இன்னும் உரிமையாளருடையது. அதற்குப் பதிலாகத் தாராளமாகப் பகிர ஃப்ரீடூம் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. பதிவிறக்க அனுமதி வேறு, மறுபடி ஏற்ற அனுமதி வேறு. உரிம வரியைக் கடைசிவரை படியுங்கள்.

படி 3: சொந்த வட்டில் இருந்து நகல்

சொந்தப் பயன்பாட்டு நகலுக்கான விதி நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பாருங்கள். குறியாக்கப் பூட்டை உடைப்பது பல நாடுகளில் தனிக் குற்றம். 2024-இல் யூசு எமுலேட்டர் மீது நிண்டெண்டோ தொடுத்த வழக்கின் மையமே அதுதான். 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு யூசு மூடப்பட்டது.

முதல் பிளேஸ்டேஷன் வட்டில் தரவு குறியாக்கம் இல்லை. கணினி டிரைவில் போட்டு, இம்க்பர்ன் (ImgBurn) மென்பொருளில் வட்டிலிருந்து இமேஜ் உருவாக்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ‘பின்’ (.bin), ‘க்யூ’ (.cue) என இரண்டு கோப்புகள் வரும்: முதலாவதில் வட்டின் தரவு, இரண்டாவதில் அதைப் பற்றிய குறிப்பு. வேறு மென்பொருளில் ஐஎஸ்ஓவாக எடுத்தால் 2352 பைட் கொண்ட ஒரு செக்டரில் (வட்டின் சிறு பகுதி) 2048 பைட் மட்டுமே பதிவாகும்; வீடியோவும் இசையும் கெடும். ‘பின்’ (.bin) கோப்பின் பைட் அளவை 2352-ஆல் வகுங்கள். மீதி வந்தால் நகல் பழுது.

‘பின்’ (.bin) கோப்பின் பெயரை மாற்றினால் கேம் திறக்காது. க்யூ கோப்பை நோட்பேடில் திறந்து, முதல் வரியில் உள்ள பெயரையும் மாற்றுங்கள். வட்டை விற்றால் நகலையும் அழித்துவிடுங்கள்.

படி 4: ரோமை விட்டு பேட்சைப் பகிருங்கள்

மொழிபெயர்ப்போ திருத்தமோ செய்தவர்கள் முழு ரோமையும் ஏற்றிவிடுவது வருத்தமான தவறு. பல மாத உழைப்பு ஒரே நீக்கக் கோரிக்கையில் போய்விடும். ஃபிளிப்ஸ் மென்பொருளில் மூல ரோமையும் திருத்திய ரோமையும் கொடுத்து பிபிஎஸ் வடிவில் பேட்ச் (மாற்றங்களை மட்டும் கொண்ட கோப்பு) உருவாக்குங்கள். ஐபிஎஸ் என்ற பழைய பேட்ச் வடிவம் வேண்டாம்: 16 எம்பிக்கு மேல் எட்டாது, தவறான ரோமிலும் சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். ஹெடர் (கோப்பின் தொடக்கத்தில் உள்ள கூடுதல் பகுதி) இல்லாத ரோமுக்குச் செய்த பேட்சை, 512 பைட் ஹெடர் உள்ள சூப்பர் நிண்டெண்டோ ரோமில் ஒட்டினால் எல்லாம் 512 பைட் தள்ளிப் பதிந்து, திரை குப்பையாகிவிடும். பிபிஎஸ் மூலக் கோப்பின் செக்சமை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) சரிபார்த்து, பொருந்தாவிட்டால் உடனே சொல்லிவிடும்.

கூடவே ஒரு உரைக் கோப்பில் மூல ரோமின் சிஆர்சி32, எஸ்எச்ஏ-1 என்ற செக்சம் மதிப்புகளை எழுதுங்கள். ஹெடர் உண்டா இல்லையா என்றும் குறிப்பிடுங்கள். கதை வசனத்தின் மொழிபெயர்ப்பும் மூலத்தைச் சார்ந்த படைப்பே என்பதால், பேட்சுக்கும் உரிமையாளர் ஆட்சேபம் எழுப்ப முடியும். அப்படிக் கடிதம் வந்தால் முதலில் இறக்கிவிடுங்கள், பிறகு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.