கணினியில் சரி, செல்போனில்? மாணவர் இணையதளங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்டுகளில் இணையதளங்களுக்குக் குறைவே இல்லை. துறையின் கருத்தரங்குக்கு ஒன்று, ஊர் நூலகத்துக்கு ஒன்று, மாமாவின் ஜவுளிக்கடைக்கு ஒன்று. எல்லா அறிக்கைகளிலும் 'ரெஸ்பான்சிவ்' (திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது) என்ற சொல் தவறாமல் இருக்கும். ஆனால் முகவரியைக் கேட்டு வாங்கிச் செல்போனில் திறந்தால் பலருக்கும் முகம் மாறிவிடுகிறது.

காரணம் பெரும்பாலும் ஒன்றே. மடிக்கணினித் திரைக்கு முழுதாகக் கட்டி முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் அதைச் செல்போனுக்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். 2010 மே மாதம் இணைய வடிவமைப்பாளர் ஈத்தன் மார்க்கோட் எழுதிய கட்டுரையில் ரெஸ்பான்சிவ் வடிவமைப்புக்கு மூன்று அடிப்படைகளைச் சொன்னார்: விகிதப்படி விரிந்து சுருங்கும் கட்டங்கள், அதேபோல் நெகிழும் படங்கள், மீடியா குவெரி ('திரை இந்த அகலத்தில் இருந்தால் மட்டும்' என்று தோற்ற விதிகளுக்குப் போடும் நிபந்தனை). நம் மாணவர்கள் மூன்றாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அகலத்தை 1,200 பிக்சல் என்று முதலில் கட்டிப்போடுவது, பிறகு 360-க்கு ஒன்று, 375-க்கு ஒன்று, 414-க்கு ஒன்று என்று மீடியா குவெரிகளால் முட்டுக் கொடுப்பது. அடுத்த ஆண்டு புது மாடல் வந்தால் இன்னொரு முட்டு.

குறுகிய திரைக்கு ஒரே பத்தியாக முதலில் எழுதுங்கள். பிறகு பிரவுசர் சன்னலின் ஓரத்தைப் பிடித்து மெல்ல அகலமாக்குங்கள். வரிகள் படிக்கச் சிரமமாக நீளும் இடத்தில், அங்கே மட்டும், பிரேக்பாயிண்ட் (அமைப்பு மாறும் அகலம்) வையுங்கள். பெட்டிகளை அடுக்குவதற்கு அதுவும் தேவைப்படாமல் போகலாம். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி சிஎஸ்எஸ். 2017 முதல் முக்கிய பிரவுசர்களில் இருக்கும் அதன் கட்ட அமைப்பான கிரிட்டிடம் 'ஒவ்வொரு பெட்டிக்கும் குறைந்தது 250 பிக்சல், ஒரு வரிசையில் எத்தனை கொள்ளுமோ அத்தனை' என்று சொல்லிவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் எழுத்து எறும்பு அளவில் தெரிந்தால், பக்கத்தின் அகலம் எவ்வளவு என்று பிரவுசருக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரி விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லையென்றால் செல்போன் பிரவுசர்கள் பக்கத்தைப் பொதுவாக 980 பிக்சல் அகலத்தில் விரித்து, பிறகு திரைக்குள் சுருக்கிக் காட்டும். குறுகிய திரைக்கென்று நீங்கள் எழுதிய மீடியா குவெரி எதுவும் எட்டிப்பார்க்காது. அந்த வரியிலேயே விரலால் பெரிதாக்குவதைத் தடைசெய்து வைப்பவர்களும் உண்டு. கண்பார்வை குறைந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வேலை அது.

தமிழ்த் தளம் என்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. பாடநூல்களும் காணொளிகளும் ஆங்கில எழுத்தை வைத்தே கற்றுத்தருவதால், மாணவர்கள் 'லோரம் இப்சம்' என்ற பொருளற்ற மாதிரி எழுத்தை நிரப்பி வடிவமைத்துவிட்டு, கடைசியில் தமிழை ஊற்றுகிறார்கள். ஊர் நூலகத் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்பில் மூன்று பெட்டிகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. 360 பிக்சல் திரையில் இடைவெளி போக ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ 100 பிக்சல் மிஞ்சும். ஒரு பெட்டியின் தலைப்பு, 'உறுப்பினர்களுக்கான அறிவிப்புகள்'. 24 பிக்சல் அளவில் அந்த முதல் சொல்லுக்கே 200 பிக்சலுக்கு மேல் வேண்டும். சொல் உடையாது, பெட்டியை முட்டித் தள்ளும், பக்கம் முழுவதும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். உடனே மாணவர் பக்கத்தின் ஓவர்ஃப்ளோவை, அதாவது வெளியே வழிவதை, மறைத்துவிடுகிறார். ஆட்டம் நிற்கும், வலது ஓரத்தில் இருந்த எழுத்தும் காணாமல் போகும். செய்ய வேண்டியது, குறுகிய திரையில் பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்குவதும் தலைப்பின் அளவைக் குறைப்பதும்தான். அதற்கும் அடங்காத சொல்லுக்கு மட்டும், சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோ-ராப் இருக்கட்டும்.

செய்தித்தாள் போல இருபுறமும் சமன்செய்த வரிகள் மீது ஏனோ பலருக்கு மோகம். செல்போனில் ஒரு வரிக்கு மூன்று நான்கு தமிழ்ச் சொற்கள்தான் கொள்ளும். அவற்றைச் சமன்செய்தால் சொற்களுக்கு நடுவில் ஓடை போல வெற்றிடம் ஓடும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்குசெய்யுங்கள். வரி உயரத்தையும் தாராளமாக 1.6 வரை வையுங்கள், மேலே புள்ளியும் இகர விசிறியும், கீழே உகரக் கொக்கியும் இடிக்காமல் இருக்கும். பெட்டிக்கும் பொத்தானுக்கும் உயரத்தை நிலையாக வைத்தால், தலைப்பு இரண்டாம் வரிக்கு இறங்கியதும் எழுத்து வெளியே வழியும், அல்லது பாதி வெட்டுப்படும்.

இன்னொன்று, அச்சகத்திலிருந்து வாங்கிய பழைய கோப்பு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டினால் உங்கள் கணினியில் தமிழாகத் தெரியலாம், அந்த எழுத்துரு இல்லாத செல்போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே பக்கத்தில் சேர்க்க வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று, பக்கத்தைக் கட்டும் குறிமொழியான எச்டிஎம்எல்லில் குறிப்பதையும் மறக்காதீர்கள். எடுத்துப் பயன்படுத்திய ஆயத்த டெம்ப்ளேட்டில் ஆங்கிலம் என்றே கிடந்தால், பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயலும்.

படங்களைப் பொறுத்தவரை சிஎஸ்எஸ் சுருக்குவது தோற்றத்தை மட்டும். செல்போன் கேமராவிலிருந்து நேரே ஏற்றிய 4 எம்பி படம், விரல் அகலத்தில் காட்டினாலும் 4 எம்பிதான். ஆண்டு விழாப் படங்கள் பத்து இருந்தால் 40 எம்பி. கல்லூரி வைஃபையில் உறைக்காது, பஸ்ஸில் உட்கார்ந்து திறப்பவருக்கு உறைக்கும். அகலத்தை 1,200 பிக்சலுக்குள் குறைத்து, கோப்பு அளவைச் சுருக்கும் வெப்பி (WebP) வடிவில் சேமியுங்கள். படத்தின் அகல உயரத்தையும் எச்டிஎம்எல்லில் எழுதிவிட்டால், படம் வந்து இறங்கும்போது படித்துக்கொண்டிருந்த வரி கீழே குதிக்காது.

சுட்டியை மேலே கொண்டுபோனால் மட்டும் விரியும் மெனு விரலுக்குப் பயன்படாது. உள்ளீட்டுப் பெட்டியில் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், தொட்டதும் ஐபோன் பக்கத்தைத் தானே பெரிதாக்கிவிடும். இத்தகைய கோளாறுகள் பலவற்றை, செல்போன் திரையைக் கணினியிலேயே போலியாகக் காட்டும் குரோமின் சாதனப் பார்வையில் மட்டும் சோதிப்பவர் கண்டுபிடிக்கமாட்டார். அதில் விசைப்பலகை எழும்பிப் பாதித் திரையை மூடுவதில்லை. வீட்டில் இருக்கும் பழைய செல்போனை அம்மாவிடம் கொடுத்து படிவத்தை நிரப்பச் சொல்லிப் பாருங்கள்.

ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பான பூட்ஸ்ட்ராப் பயன்படுத்துவது குற்றமில்லை. கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துவதுதான் வாய்மொழித் தேர்வான வைவாவில் மாட்டிவிடும். 'கால்-எம்டி-4 (col-md-4) என்று எழுதியிருக்கிறீர்களே, 768 பிக்சலுக்குக் கீழே என்ன ஆகும்?' என்று புறத்தேர்வாளர் கேட்டால், 12 பங்கில் 4 பங்கு எடுத்த பெட்டி அங்கே முழு அகலத்துக்கு விரியும் என்று சொல்லத் தெரிய வேண்டும். டெம்ப்ளேட்டின் அடியில் கிடக்கும் நியூயார்க் முகவரியையும் எங்கும் போகாத இன்ஸ்டாகிராம் பொத்தானையும் எடுத்துவிடுங்கள், அவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

கடைசியாக, தளத்தை ஏற்றும் வேலை. விண்டோஸ் கணினி கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காது. மாணவர்கள் தளத்தை ஏற்றும் இலவச சேவையான கிட்ஹப் பேஜஸ் பார்க்கும். படத்தின் முகவரி சி டிரைவில் தொடங்கினால் அது உங்கள் கணினியைத் தவிர வேறெங்கும் தெரியாது. எல்லாப் பெயரும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். முதல் பக்கம் எழுதிய அன்றே தளத்தை ஏற்றிவிட்டால், இந்தப் பிழைகள் சமர்ப்பிக்கும் நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே வெளியே வந்துவிடும்.