பவளத் தொட்டியில் நீரைச் சீராக வைத்திருப்பதும் மீன்களைக் காப்பதும்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

கடல்நீரின் இயல்பு எளிதில் மாறுவதில்லை. வீட்டுத் தொட்டியிலோ அது ஒரே நாளில் மாறிவிடக்கூடும். அந்த மாற்றத்தை மட்டுப்படுத்துவதே பவளத் தொட்டிப் பராமரிப்பின் பெரும்பகுதி என்பதால், கீழுள்ள அளவுகளை 100 லிட்டர் நீருக்குக் கணக்கிட்டுத் தந்திருக்கிறேன்.

படி 1: நீர் தயாரித்தல்
குழாய்நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் நைட்ரேட், பாஸ்பேட், சில இடங்களில் செம்பும் இருக்கக்கூடும். ஆகவே ஆர்.ஓ. (நுண்சவ்வு வடிகட்டி), டி.ஐ. (எஞ்சிய அயனிகளை நீக்கும் வடிகட்டி) ஆகிய இரண்டையும் கடந்து, கரைந்துள்ள பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டும் நீரையே பயன்படுத்துங்கள். குடிநீருக்கான ஆர்.ஓ. இயந்திரம் மட்டும் போதாது. சுவைக்காகச் சிறிது தாதுக்களை மீண்டும் கலக்கும் வகைகள் அவற்றில் பல. கடலுப்புக் கலவையைத் தனி வாளியில் கரைத்து, 25 டிகிரி செல்சியஸில் ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 முதல் 1.026 வரை இருக்கிறதா என்று, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள்.

படி 2: பாக்டீரியாக்கள் பெருகக் காத்திருத்தல்
மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். கடல்நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) உயர்வாக இருப்பதால் அதில் அமோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். எனவே அமோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆகும்வரை ஒரு மீனைக்கூட விடாதீர்கள்.

படி 3: ஆவியாகும் நீரை ஈடுசெய்தல்
நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 3 லிட்டர் குறைந்தால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 36 ஆகிவிடும். குறைந்த அளவை உப்பில்லாத தூய நீரால் நாள்தோறும் நிரப்புங்கள்.

படி 4: அல்கலினிட்டியைக் காத்தல்
பவளங்கள் எலும்புக்கூடு கட்டுவதற்குக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்கின்றன. நீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவைக் காட்டுவதே அல்கலினிட்டி; அதன் அலகு டி.கே.எச். அது 1 டி.கே.எச். குறையும்போது கால்சியம் ஏறத்தாழ 7 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மட்டுமே குறைகிறது. 420 பி.பி.எம். உள்ள நீரில் இந்தச் சிறு வேறுபாட்டை வீட்டுச் சோதனைப் பெட்டிகள் தெளிவாகக் காட்டுவதில்லை. அல்கலினிட்டிச் சோதனையோ உடனே காட்டிவிடும். அதனால்தான் எதை விடுத்தாலும் இந்தச் சோதனையை விடக்கூடாது என்று நான் வலியுறுத்துகிறேன்.

8 முதல் 9 டி.கே.எச். வரையிலான ஓர் அளவைத் தேர்ந்துகொண்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். இன்று 8.5 இருந்து இரண்டு நாள் கழித்து 7.5 ஆனால், ஒரு நாள் செலவு 0.5. 100 லிட்டரில் 1 டி.கே.எச். உயர்த்த ஏறத்தாழ 3 கிராம் ஆப்பச்சோடா தேவை. ஆகவே அன்றாடச் செலவை ஈடுகட்ட 1.5 கிராம் போதும். அதைத் தூய நீரில் கரைத்து, நீரோட்டம் மிகுந்த இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரே நாளில் 1 டி.கே.எச்.க்கு மேல் உயர்த்த வேண்டாம். கால்சியக் கரைசலையும் அதே வேளையில் சேர்த்தால் இரண்டும் இணைந்து வெண்படிவாகிவிடும். சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். மெக்னீசியம் 1,250 முதல் 1,350 பி.பி.எம். வரை இல்லையெனில் அல்கலினிட்டியையும் கால்சியத்தையும் நிலைநிறுத்துவது கடினம்.

படி 5: உயிர்களைச் சேர்த்தல்
நீங்கள் வாழும் நாட்டின் சட்டம் அனுமதிக்கும் வளர்ப்புப் பவளங்களை மட்டுமே வாங்குங்கள். இந்தியாவில் கற்பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவில் அள்ளியதை விற்பவரிடம் வாங்குவது அக்கடலுக்குச் செய்யும் கேடு.

புதிய மீனைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். உடலில் உப்புத்தூள் போன்ற வெண்புள்ளிகள் தோன்றினால் அது கிரிப்டோகாரியான் என்னும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். செம்பு மருந்து அதைக் குணப்படுத்தும். ஆனால் பவளங்களையும் இறால்களையும் கொன்றுவிடும் என்பதால் முதன்மைத் தொட்டியில் அதை ஒருபோதும் ஊற்றாதீர்கள். நோய் அங்கேயே பரவிவிட்டால் எல்லா மீன்களையும் சிகிச்சைத் தொட்டிக்கு மாற்றி, முதன்மைத் தொட்டியை இரண்டரை மாதம் மீனில்லாமல் விடுங்கள். சிகிச்சைத் தொட்டியில் பாறை வைத்தால் அது செம்பை உறிஞ்சிவிடும் என்பதால் அங்கே பாறை வேண்டாம். ஆனால் பாறையில் வாழும் பாக்டீரியாக்கள் இல்லாததால் அங்கே அமோனியா விரைவில் உயரும். நாள்தோறும் சோதித்து, அதே செம்பு அளவுள்ள புதிய உப்புநீரால் ஒரு பகுதியை மாற்றிக்கொண்டே இருங்கள்.