பாய் நெசவு வீடியோ ஓடிய விதம்

பத்தமடைக் கோரைப்பாய் விற்கும் அத்தானின் இணையதளத்தில் நெசவு வீடியோ ஒன்றைப் போட்டோம். அவருடைய ஐபோனில் ஓடியது. பாளையங்கோட்டையில் என் பழைய கணினியில் குரல் மட்டும் கேட்டது, திரை கறுப்பு. கோப்பின் விவரத்தைப் பார்த்தால், வீடியோவைச் சுருக்கும் புதிய முறைகளில் ஒன்றான எச்.இ.வி.சி. எல்லாக் கணினிகளும் பிரவுசர்களும் அதைக் காட்டுவதில்லை.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்.பி.4 கோப்பாக, படத்துக்கு எங்கும் ஓடும் பழைய முறையான எச்.264, ஒலிக்கு ஏ.ஏ.சி. முறை என மாற்றினேன். தர எண் 22 (எண் குறைந்தால் தரம் கூடும்); 1080 புள்ளி உயர வீடியோவுக்கு 20 முதல் 24 வரை போதும். கோரை இழை ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது.

இருந்தும் ஓடத் தொடங்குவதற்குள் பொறுமை போனது. எம்.பி.4 கோப்பில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் உள் அட்டவணை கடைசியில் கிடந்ததுதான் காரணம்; அதைப் படித்த பிறகே பிரவுசர் ஓட்டத் தொடங்கும். ஹேண்ட்பிரேக்கின் 'வெப் ஆப்டிமைஸ்டு' கட்டத்தில் டிக் செய்து மறுபடி மாற்றியதும் அது முன்னால் வந்துவிட்டது. வெப்எம் என்ற இன்னொரு வீடியோ வகைக்கு மாற்றினால் கோப்பு இன்னும் சிறிதாகும்தான். ஆனால் 'உன் கணினியில் அந்த மாற்றம் முடிவதற்குள் ஒரு பாயே நெய்துவிடலாம்' என்றார் அத்தான். எம்.பி.4 ஒன்றையே வைத்துக்கொண்டோம்.