அரசியல்வாதியே அணி மேலாளராகவும் இருந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2007 மே 20, ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே நகரத்தை ஒட்டிய சால்ட்ஹில் மைதானம். கேலிக் கால்பந்து ஆட்டம். மேயோ கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அணியின் மேலாளர் ஜான் ஓமஹனி கோட்டோரம் நிற்கிறார். எதிரணி கால்வே. 1998இலும் 2001இலும் அதே கால்வேயை அகில அயர்லாந்து சாம்பியன் ஆக்கியவர் அவர்தான். அன்றைக்கு மேயோ தோற்றது. நாலே நாளில், மே 24 வியாழக்கிழமை, நாட்டில் பொதுத்தேர்தல். மேயோ தொகுதியில் ஃபீன கேல் கட்சி நிறுத்திய வேட்பாளர்களில் அவரும் ஒருவர். ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனார். அப்புறம் மூன்று ஆண்டுகள், 2010 ஜூன் வரை, இரண்டு பொறுப்பையும் ஒரே தோளில் சுமந்தார்.

ஓமஹனி சாதாரண ஆள் இல்லை. 1989இல் மேயோவை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர். 1927க்குப் பிறகு கானட் மாகாணப் பட்டத்தையே பார்த்திராத லீட்ரிம் என்ற குட்டிக் கவுண்டிக்கு 1994இல் அதை வாங்கிக்கொடுத்தவர். அவர் கையிலேயே அந்த மூன்று ஆண்டுகளில் மேயோவுக்குக் கிடைத்தது 2009இன் கானட் பட்டம் ஒன்றுதான். அரசியல்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். 2008இல் மேயோவை வெளியேற்றிய டைரோன் கவுண்டி அந்த ஆண்டு அகில அயர்லாந்துக் கோப்பையையே தூக்கியது. ஆனால் இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்ய நினைப்பவர் எங்கெங்கே வழுக்கி விழலாம் என்று பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கேலிக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. அணிக்கு 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம். 1884இல் தர்லஸ் ஊரில் தொடங்கிய ஜி.ஏ.ஏ. சங்கம்தான் இதை நடத்துகிறது. ஒருவர் தன் ஊர்க் கிளப்புக்கு ஆடுவார். நன்றாக ஆடினால் கவுண்டி அணிக்குக் கூப்பிடுவார்கள். சம்பளம் கிடையாது, வீரர்களை விலைக்கு வாங்குவதும் கிடையாது. பகலில் ஆசிரியர், எலக்ட்ரீஷியன், போலீஸ்காரர், கல்லூரி மாணவர், இரவில் ஆட்டக்காரர். மேலாளருக்கும் விதிப்படி கிடைப்பது செலவுத்தொகை மட்டுமே.

பழைய கதைகளை நம்பி இறங்குவது

இதுதான் முதல் தவறு. மேயோவில் அரசியலும் கால்பந்தும் ஒரே வேரில் முளைத்தவை. ஷான் ஃபிளானகன் 1951 மே மாதத் தேர்தலில் ஜெயித்து டி.டி. ஆனார். அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவையை டாயில் என்பார்கள். அதன் உறுப்பினரைச் சுருக்கமாக டி.டி. என்பார்கள். அதே செப்டம்பரில் மேயோ கேப்டனாக, அகில அயர்லாந்து சாம்பியனுக்குத் தரும் சாம் மகுவயர் கோப்பையையும் தூக்கினார். மேயோ அந்தக் கோப்பையைக் கடைசியாகத் தொட்டது அன்றைக்குத்தான். 1936இல் மேயோவோடு கோப்பை வென்ற ஹென்றி கென்னியும் பிறகு டி.டி. ஆனார், அவர் மகன் எண்டா கென்னி நாட்டின் பிரதமர் வரைக்கும் போனார். பக்கத்துக் கால்வேயில் ஜான் டானலன் 1964 இறுதிப் போட்டியில் கேப்டன். டி.டி.யாக இருந்த அவருடைய அப்பா, மகன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே குரோக் பார்க் அரங்கில் இறந்துபோனார். அந்த இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் மகன் நின்று ஜெயித்தார். 1965, 1966 பட்டங்களை டி.டி.யாகவே வென்றார்.

கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் இவர்கள் எல்லாரும் ஆட்டக்காரர்கள். 70 நிமிடம் ஆடி முடித்தால் ஆட்டக்காரரின் வேலை முடிந்தது. யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்று முடிவெடுப்பவர் மேலாளர். ஓட்டுக் கேட்கும் ஒருவர் செய்யக்கூடிய வேலைகளிலேயே கடினமானது அது.

நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போடுவது

டாயில் கூடுவது செவ்வாய், புதன், வியாழன், டப்ளினில். கேலிக் கால்பந்தில் பயிற்சிக்கு ஊர்ப் பழக்கமான இரவுகள் எவை? செவ்வாய், வியாழன்.

டப்ளினிலிருந்து மேயோவின் சொந்த மைதானம் இருக்கும் காசல்பாருக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஒரு வியாழன் மாலையைக் கற்பனை செய்துபாருங்கள். ஏழரைக்குப் பயிற்சி என்றால் நாலு மணிக்காவது வண்டியை எடுக்க வேண்டும். மூன்று ஐம்பதுக்கு, டாயில் கூடும் லென்ஸ்டர் ஹவுஸில் வாக்கெடுப்பு மணி அடிக்கிறது. சில நிமிடங்கள் அடிக்கும். அப்புறம் அவைக் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஓடிப்போய் உட்கார்ந்து, ஓட்டைப் போட்டு, வெளியே வரும்போது மணி நாலேகால். டப்ளினை விட்டு வெளியேறும் நெரிசல் அதற்குள் தொடங்கிவிட்டது. லாங்ஃபோர்ட் தாண்டி என்5 சாலையில் ஒரு டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால் இன்னும் இருபது நிமிடம் போச்சு. காசல்பாரில் விளக்குகள் எரிகின்றன. முப்பது பையன்கள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு வாசலைப் பார்க்கிறார்கள். அவர்களில் சிலரும் வேலையை முடித்துவிட்டு அதே தூரத்தை ஓட்டி வந்தவர்கள்தான்.

ஆளும் தரப்பில் ஒருவர், எதிர்த்தரப்பில் ஒருவர் என இருவரும் ஒத்துக்கொண்டு வாக்கெடுப்புக்கு வராமல் இருக்கும் ஏற்பாடு டாயிலில் உண்டு. அதை நம்பியே பருவம் முழுவதையும் திட்டமிடக்கூடாது. இறுக்கமான வாக்கெடுப்பு வந்தால் முதலில் ரத்தாவது அந்தச் சலுகைதான்.

இன்றைக்கு நிலைமை இன்னும் கடினம். ஓமஹனி காலத்தில் அகில அயர்லாந்து இறுதி செப்டம்பரில் நடந்தது. டாயிலின் கோடை விடுமுறை ஜூலையில் தொடங்கும். அதாவது பெரிய ஆட்டங்கள் விடுமுறையில் வந்தன. 2022இலிருந்து கவுண்டி ஆட்டங்களை எல்லாம் ஜூலைக்குள் முடித்துவிடுகிறார்கள். லீக் ஜனவரி முதல் மார்ச் வரை, சாம்பியன்ஷிப் ஏப்ரல் முதல் ஜூலை வரை. ஏறக்குறைய மொத்தமும் அவை கூடும் மாதங்கள். போதாததற்கு 2024 உள்ளாட்சித் தேர்தல் ஜூன் 7 அன்று வந்தது, சாம்பியன்ஷிப்பின் நட்டநடுவில். இந்த இரண்டு நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யாரும், மேலாளரை நியமிக்கும் கவுண்டி வாரியத்துக்குச் சரி என்று சொல்லக்கூடாது.

ஒரே ஒரு சாதகம் இருக்கிறது. மேற்குக் கவுண்டி ஆட்டக்காரர்களில் கணிசமானோர் டப்ளினில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். வாரநடுப் பயிற்சியை அவர்களுக்காக டப்ளினிலேயே வைத்து, மொத்த அணியையும் வார இறுதியில் கூட்டினால், டி.டி.யும் பையன்களும் தேவையில்லாத ஒரு பயணத்தைத் தவிர்க்கலாம்.

இதோடு ஒட்டிய சின்னத் தவறு: உதவியாளர்களிடம் வேலையைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வது. மேலாளர் வராத இரவில் பயிற்சியாளர் எடுக்கும் முடிவே கடைசி முடிவு என்று ஆட்டக்காரர்கள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், 'அவர் வரட்டும், கேட்டுக்கலாம்' என்ற பேச்சு வந்துவிடும். அந்த இரவு வீண்தான்.

ஓட்டும் ஜெர்சியும் கலப்பது

என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாத் தவறுகளையும் விடப் பெரியது இது. ஏன் என்று புரிய, அங்கே ஓட்டுப் போடும் முறை தெரிய வேண்டும். ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள். மேயோவுக்கு அப்போது ஐந்து இடம். வாக்காளர் ஒருவருக்கு மட்டும் ஓட்டுப் போடுவதில்லை. 1, 2, 3 என்று வரிசையாக எண் போடுவார். ஜெயித்தவரின் உபரி ஓட்டும் தோற்று வெளியேறியவரின் ஓட்டும் அடுத்த எண்ணுக்கு நகரும். அதனால் இரண்டாம், மூன்றாம் விருப்பங்களில்தான் பல பேருடைய பதவி தொங்குகிறது. சொந்தக் கட்சிக்காரரே போட்டியாளர். 2007இல் மேயோவின் ஐந்தில் மூன்று ஃபீன கேலுக்கு, 2011இல் நான்கு. அந்த நான்கு பேருக்குள் யார் எந்த ஊரில் எத்தனை ஓட்டு வாங்குகிறார் என்பதே தனிக் கணக்கு.

இப்போது அதே ஊர்களைக் கிளப்களாகப் பாருங்கள். மேயோவில் ஏறக்குறைய 50 கிளப்கள். ஆட்ட நாளில் அணிக்கு 26 பேர்தான். பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு முறையும் பாதிக்கு மேல் ஊர்களுக்கு வருத்தம்.

சனிக்கிழமை காலை, டி.டி. தன் அலுவலகத்தில் மக்கள் குறை கேட்கிறார். இதை அங்கே கிளினிக் என்பார்கள். ஒரு அம்மா, இலவச மருத்துவத்துக்கான மெடிக்கல் கார்டு விண்ணப்பத்தோடு வருகிறார்; வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை. பேசி முடித்து எழுந்தவர், கதவருகே நின்று, ‘பையனை இந்த வாரமும் எடுக்கலையாமே’ என்கிறார். இதற்கு என்ன பதில் சொன்னாலும் ஆபத்து. ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் அது வாக்குறுதியாகப் பரவும். ஒன்றும் சொல்லாவிட்டால், கார்டு தாமதமானதற்கும் பையன் வெளியே இருப்பதற்கும் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்லவே முடியாது. இரண்டு அதிகாரமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, அவர் கண்ணுக்கு அது தெரிகிறது.

இதற்கு முழு மருந்து கிடையாது. பாதி மருந்து உண்டு. தேர்வுக்குழுவில் கவுண்டியின் வேறு வேறு பகுதி ஆட்கள் இருக்க வேண்டும். முடிவுக்கான காரணத்தை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். நீக்கப்படும் பையனுக்கு முதலில் மேலாளர் நேரில் சொல்ல வேண்டும், பட்டியலைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக்கூடாது. கிளினிக்கில் கால்பந்துப் பேச்சு இல்லை என்பதை முதல் நாளே அறிவித்து, சொந்தத் தம்பி வந்து கேட்டாலும் அதில் நிற்க வேண்டும்.

தேர்தல் சுவரொட்டியில் கவுண்டி நிறத்தைப் பூசுவதும், ஆட்டக்காரர்களை வீடு வீடாக ஓட்டுக் கேட்கக் கூட்டிப்போவதும் அறவே கூடாது. ஜி.ஏ.ஏ. தன் விதிப்புத்தகத்திலேயே கட்சி சார்பற்ற அமைப்பு என்று எழுதி வைத்திருக்கிறது. விதியை விடுங்கள், உடைமாற்றும் அறையில் எதிர்க்கட்சி வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறான். மேயோவின் பச்சையும் சிவப்பும் அவனுக்கும் சொந்தம்.

பணம் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயம். அரசின் விளையாட்டு மூலதன மானியம் ஊர்க் கிளப்புக்குக் கிடைத்தால், அதைத் தான் வாங்கிக்கொடுத்ததுபோல் அறிவிப்பது டி.டி.க்களிடம் சகஜம். மேலாளராகவும் இருப்பவர் அதை விட்டுவிட வேண்டும். எந்தக் கிளப்புக்குக் கிடைத்தது, எந்தக் கிளப் பையன் அணியில் இருக்கிறான் என்று ஊர் சேர்த்துப் பார்க்கும். அப்புறம் பயணப்படி. டப்ளினிலிருந்து தொகுதிக்கு வருவதற்கு நாடாளுமன்றம் படி தருகிறது; பயிற்சிக்கு ஓட்டியதற்கு கவுண்டி வாரியம் கிலோமீட்டர் கணக்கில் தருகிறது. பல நாள் அது ஒரே பயணம்தான். வண்டியில் ஒரு நோட்டு வைத்து, எந்தப் பயணம் எந்தக் கணக்கு என்று அன்றன்றே எழுதாதவர், தெரியாமலேயே இரண்டு இடத்தில் கை நீட்டியவர் ஆவார்.

எதிர்க்கட்சிக் காலத்தை வைத்து முடிவெடுப்பது

ஓமஹனி இரண்டையும் சேர்த்துச் செய்த காலம் முழுக்க அவர் கட்சி எதிர்க்கட்சி. வங்கிகள் சரிந்து, அரசு சம்பளத்தை வெட்டிய 2009இல் அந்த முடிவுகளை எதிர்த்துப் பேசும் பக்கம்தான் அவர் இருந்தார். ஆளுங்கட்சி உறுப்பினர் என்றால் கதையே வேறு. கொறடா சொல்கிறபடி செவிலியர் சம்பளத்தைக் குறைக்க ஓட்டுப் போட்டுவிட்டு, அன்றிரவே அம்மா செவிலியராக இருக்கும் ஒரு பின்கள ஆட்டக்காரனிடம் இன்னும் கொஞ்சம் ஓடு என்று சொல்ல வேண்டும். சொல்லலாம், ஆனால் அதற்கு முன் அவனிடம் நேராக உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

எப்போது விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாதது

கவுண்டி வாரியத்தோடு முதல் நாளே பேசி எழுதி வைக்க வேண்டியவை: தேர்தல் அறிவித்தால் அந்த மூன்று, நாலு வாரம் அணி யார் கையில், அமைச்சர் பதவி வந்தால் எந்தத் தேதியில் விலகுவது, தோல்விக்கு எந்த எல்லை. நெருக்கடி வந்த பிறகு இதையெல்லாம் நிதானமாக யோசிக்க முடியாது.

2010 ஜூனை மட்டும் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் ஸ்லைகோவிடம் மேயோ தோற்றது. ஜூன் 17 அன்று, ஃபீன கேல் தலைமையை எண்டா கென்னியிடமிருந்து பறிக்க ரிச்சர்ட் புரூட்டன் எடுத்த முயற்சி வாக்கெடுப்புக்கு வந்தது. கென்னி ஓமஹனியின் அதே தொகுதிக்காரர். அந்த அறையில் ஓமஹனிக்கும் ஒரு ஓட்டு. கென்னி தப்பினார். மாதக் கடைசியில் லாங்ஃபோர்ட் கவுண்டியிடம் மேயோ ஒரு பாயிண்டில் தோற்று அந்த ஆண்டை விட்டே வெளியேறியது. ஓமஹனி விலகினார்.

அடுத்த பிப்ரவரியில் அவர் மறுபடி டாயிலுக்குத் தேர்வானார், இந்த முறை ஆளும் தரப்பில். ஜேம்ஸ் ஹோரன் மேலாளராக வந்து 2012, 2013 இரண்டு ஆண்டும் மேயோவை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். அந்த இரண்டு இறுதியிலும் ஆடிய ஏய்டன் ஓஷே முதல்முதலாக மேயோவின் முதன்மை (சீனியர்) அணிக்கு வந்தது 2009இல், ஓமஹனியிடம்.