அரசியல் செய்திப் பிரிவில் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

கல்லூரி மூன்றாம் ஆண்டில் ஒரு நாளிதழின் அரசியல் பிரிவில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் செய்தேன். முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றை, அடுத்துப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பொதுக்கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மைதானம் காலியாக இருக்கும்போதுதான் அளக்க முடியும். என் முதல் செய்தியில் "50,000 பேர் திரண்டனர்" என்று எழுதியிருந்தேன். மேடையில் சொன்ன எண் அது. செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் இருந்த அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "யாரு எண்ணினது?" என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். 1960-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியராக இருந்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸின் வழி அது. அவருடைய அறை ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் போராடிய திடலின் தரையில் கட்டங்கள் இருந்தன. ஒரு கட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணி, அதைப் பெருக்கிக் கணக்கிட்டார். தள்ளித் தள்ளி நிற்கும் கூட்டத்தில் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் 4.5 சதுர அடி. மறுநாள் போய் அந்த மைதானத்தைக் காலடியால் அளந்தேன். சுமார் 300 அடிக்கு 200 அடி. மூலைவரை நெருக்கி நின்றாலும் 13,300 பேர்தான் வரும். மேடையையும் தடுப்புகளையும் கழித்தால் இன்னும் குறையும். அளக்க வழியில்லாத நாளில், அந்த எண்ணைச் சொன்னது யார் என்பதையாவது சேர்த்து எழுதுங்கள்.

சதவீதத்திலும் கவனம் வேண்டும். ஒரு கட்சியின் வாக்கு 20 சதவீதத்திலிருந்து 25 ஆனால், அது 5 சதவீதப் புள்ளி உயர்வு. "5 சதவீதம் உயர்ந்தது" என்றால் தப்பு, 20-க்கு 5 என்பது 25 சதவீதம். 1,000 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் 3 புள்ளிவரை முன்பின் இருக்கும். அதனால் 42-க்கு 40 என்பதை முன்னிலை என்று தலைப்பாக்காதீர்கள்.

பேச்சின் அச்சுப்பிரதி முன்கூட்டியே கைக்கு வரும். அதை மட்டும் நம்பி எழுத வேண்டாம், மேடையில் வரிகள் மாறும். ரெக்கார்டர் ஓடட்டும். முக்கியமான வாக்கியம் வந்ததும் அதில் ஓடும் நேரத்தை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 14:20 என்று ஓர் எண் இருந்தால் போதும், ராத்திரி முழுப் பேச்சையும் திரும்பக் கேட்க வேண்டியதில்லை.

தனியாகப் பேசுகிறவரிடம் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்: பெயர் போடலாமா, பெயரில்லாமல் எழுதலாமா, எழுதவே கூடாதா? பேசி முடித்த பிறகு "இதை எழுதிடாதீங்க" என்றால் நீங்களாக வாக்குக் கொடுக்காமல் டெஸ்க்கில் சொல்லுங்கள்.

குற்றச்சாட்டு யார் மீதோ, அவரிடம் கட்டாயம் பேச வேண்டும். "பதிலளிக்கவில்லை" என்று எழுதுவதற்கு முன் எத்தனை மணிக்கு, எத்தனை முறை அழைத்தீர்கள் என்று நோட்டில் இருக்க வேண்டும். ஒரு நாள் 5:10-க்கும் 6 மணிக்கும் அழைத்தேன், எடுக்கவில்லை. செய்தியை டெஸ்க்கில் கொடுக்க இருபது நிமிடம் இருக்கும்போது, 6:40-க்கு இன்னொரு முறை அழைத்தேன். எடுத்தார், பத்து நிமிடம் பேசினார். கடைசிப் பத்தியில் "பதிலளிக்கவில்லை" என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு, அவருடைய விளக்கத்தை இரண்டாவது பத்தியில் வைத்தோம்.