பழைய .30-06 போதுமா, 6.5 கிரீட்மோருக்கு மாறணுமா? நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த ரைஃபிள் தோட்டா .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட். 6.5 கிரீட்மோரை ஹார்னடி நிறுவனம் 2007-ல் கொண்டுவந்தது. இரண்டையும் ஒப்பிடும்போது பெரும்பாலும் பழையதில் அரை நூற்றாண்டுக்கு முந்தைய வடிவக் குண்டையும், புதியதில் இன்றைய நீள்மூக்குக் குண்டையும் வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு "பழசு தோற்றுவிட்டது" என்று தீர்ப்பு சொல்கிறார்கள். அந்தப் போட்டியில் தோற்றது தோட்டா அல்ல, குண்டு. (இந்தக் கட்டுரையில் தோட்டா என்றால் கேஸ் என்ற உலோகக் கூடு, மருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்றால் குழலை விட்டுப் பறக்கும் பகுதி மட்டும்.)

முதலில் கணக்கு

குண்டின் பாதையைக் கணக்கிடும் ஏதாவது ஒரு பாலிஸ்டிக் கால்குலேட்டரைத் திறந்து மூன்று வரிசை போடுங்கள். முதலாவது .30-06, 180 கிரெயின் எடையுள்ள சாதாரண ஈயமுனைக் குண்டு, ஜி1 எண் (குண்டு காற்றைக் கிழித்துப் போகும் திறனின் அளவு, கூடினால் நல்லது) 0.383, வேகம் விநாடிக்கு 2700 அடி. இரண்டாவதும் .30-06தான், ஆனால் 178 கிரெயின் நீள்மூக்குக் குண்டு, ஜி1 0.552, வேகம் 2750 அடி. மூன்றாவது 6.5 கிரீட்மோர், 143 கிரெயின், ஜி1 0.625, வேகம் 2700 அடி. மூன்றையும் 200 யார்டில் ஸீரோ செய்து (அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி அமைத்து), மணிக்கு 10 மைல் குறுக்குக்காற்று கொடுங்கள்.

கடல்மட்டக் காற்றில், 400 யார்டில் ஏறத்தாழ இப்படி வரும். ஈயமுனைக் குண்டு 26 அங்குலம் கீழே இறங்கி, காற்றில் 16 அங்குலம் விலகும். நீள்மூக்கு .30-06 குண்டு இறங்குவது 22 முதல் 23 அங்குலம், விலகுவது 11 அங்குலத்துக்குள். கிரீட்மோரும் அதே அளவுதான் இறங்கும், விலகல் 9.5 அங்குலம். மிச்சமிருக்கும் ஆற்றல் முறையே 1360, 1770, 1470 அடி-பவுண்டு.

முதல் இரண்டு வரிசையிலும் தோட்டா ஒன்றேதான். குண்டை மாற்றியதில் மட்டும் காற்று விலகல் ஐந்து அங்குலத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. அதன்பின் தோட்டாவையே மாற்றினால் கிடைப்பது இன்னும் ஓர் அங்குலம், கொஞ்சம் கூடுதலாக. வேட்டைக்காரர் ஒருவர் 400 யார்டில் காற்றின் வேகத்தைக் கண்ணால் கணிக்கும்போது செய்யும் பிழை இதைவிடப் பெரிது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பெட்டியில் ஜி7 எண் (அதே திறனை நீள்மூக்குக் குண்டுகளுக்கு ஏற்ற வேறு அளவுகோலில் சொல்வது) அச்சிட்டிருக்கும், அதைக் கால்குலேட்டரின் ஜி1 கட்டத்தில் போட்டுவிடுவார்கள். ஜி7 எண் ஜி1-ல் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். விளைவு, நல்ல குண்டு கல் மாதிரி விழுவதாகக் காட்டும்.

உங்கள் துப்பாக்கியில் உண்மையில் என்ன வேகம்?

பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பொதுவாக 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. உங்களுடையது 22 அங்குலம் என்றால், அங்குலத்துக்குச் சுமார் 25 அடி என்ற கணக்கில் 50 அடி வரை குறையலாம். ஊகிக்க வேண்டாம், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்துப் பத்துத் தோட்டா சுட்டு, சராசரியை எடுத்துக் கால்குலேட்டரில் போடுங்கள். அதே பத்தையும் ஒரே காகிதக் குறியில் சுட்டால் குழுவின் அளவும், அதாவது ஓட்டைகள் எவ்வளவு பரவி விழுகின்றன என்பதும், கையோடு தெரிந்துவிடும். மூன்று தோட்டாக் குழுவை நம்பி முடிவெடுக்காதீர்கள். அடுத்த மூன்று வேறு கதை சொல்லும்.

அடுத்து ட்விஸ்ட், அதாவது குழலுக்குள் செதுக்கிய சுருள் வரிகள் ஒரு முழுச் சுற்றுக்கு எடுக்கும் நீளம். நீளமான குண்டு ஆடாமல் பறக்க, குழலின் வரிகள் அதைப் போதுமான வேகத்தில் சுழற்ற வேண்டும். அளப்பது சுலபம். துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். கைப்பிடி தானாகச் சுழலும் கிளீனிங் ராடில் இறுக்கமான துணியைச் சுற்றி, பின்பக்கமிருந்து குழலுக்குள் ஓர் அங்குலம் தள்ளுங்கள். ராடின் மேல்புறத்தில், குழலின் பின்விளிம்புக்கு நேராக, டேப் ஒட்டி ஒரு கோடு போடுங்கள். மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள். கோடு ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வரும் இடத்தில் நிறுத்தி, ராட் எத்தனை அங்குலம் உள்ளே போனது என்று அளங்கள். 10 அங்குலம் என்றால் ட்விஸ்ட் 1:10. மூன்று முறை செய்யுங்கள். ஒருமுறை 10, மறுமுறை 12 என்று வந்தால் துணி வரிகளில் பிடிக்காமல் வழுக்குகிறது. இன்னும் இறுக்கமாகச் சுற்றுங்கள்.

.30-06-ல் வழக்கமான ட்விஸ்ட் 1:10. அதற்கு முன்னோடியான .30-03 சுட்டது 220 கிரெயின் குண்டு, அந்தக் கனத்துக்கு வைத்த சுழற்சிதான் இன்றைய நீள்மூக்குக் குண்டுகளுக்கும் கைகொடுக்கிறது. எல்லாப் பழைய தோட்டாவுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1925-ல் வந்த .270 வின்செஸ்டரின் ட்விஸ்டும் 1:10தான், ஆனால் அது 130 கிரெயின் குண்டை மனதில் வைத்தது. அதே விட்டத்தில் 2021-ல் வந்த 6.8 வெஸ்டர்ன் சுடும் 165, 175 கிரெயின் நீளக் குண்டுகள் அந்தப் பழைய குழலில் நிலைப்படாமல் போகலாம். காகிதத்தில் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுந்தால் குண்டு சாய்ந்து போகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் பழையது நிஜமாகவே பின்தங்குகிறது.

மிகப் பழைய துப்பாக்கி என்றால்

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் முன்பே துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு கன்ஸ்மித்திடம் கொடுத்து, கோ, நோ-கோ கேஜ் என்ற அளவுக் கட்டைகளைப் போட்டு ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) பார்க்கச் சொல்லுங்கள். நோ-கோ கேஜ் மேல் போல்ட் மூடிக்கொண்டால் அவர் சரி என்று சொல்லும்வரை சுடக் கூடாது. 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ராணுவத் துப்பாக்கியில் தொடர் எண் 800,000-க்குக் கீழே (ராக் ஐலண்ட் ஆயுதச் சாலையில் செய்ததென்றால் 285,507-க்குக் கீழே) இருந்தால், போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவரின் எஃகு நொறுங்கக்கூடியது என்பதால் சுடாமல் வைப்பதே நல்லது. காஸ் அழுத்தத்தால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் ராணுவத் துப்பாக்கியான எம்1 கேரண்ட் வேறு வகைச் சிக்கல். கனமான குண்டுள்ள இன்றைய வேட்டைத் தோட்டாக்கள் அதன் காஸ் துளையில் அதிக அழுத்தம் கொடுத்து போல்ட்டை இயக்கும் ஆபரேட்டிங் ராடை வளைத்துவிடும். கேரண்டுக்கு ஏற்றது என்று குறித்து விற்கும் 150 கிரெயின் வகையை மட்டும் போடுங்கள்.

உதைதான் உண்மையான வித்தியாசம்

எட்டு பவுண்டு துப்பாக்கியில் 180 கிரெயின் .30-06 கொடுக்கும் பின்னுதை சுமார் 20 அடி-பவுண்டு. கிரீட்மோர் 12 பக்கம் நிற்கும். புதியது இவ்வளவு பேரை இழுத்ததற்கு எறிபாதையைவிட இதுதான் காரணம் என்று சொன்னால் மிகையில்லை.

உதை உங்களைக் கெடுக்கிறதா என்பதை வாயால் கேட்டால் எல்லோரும் "இல்லை" என்பார்கள். ஐந்து நிஜத் தோட்டாவோடு இரண்டு மூன்று ஸ்னாப் கேப்பை (வெடிக்காத பொம்மைத் தோட்டா) கலந்து, நண்பர் ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொன்றாக அவரே சேம்பரில் போடச் சொல்லுங்கள். எது நிஜம், எது பொம்மை என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. பொம்மை வரும்போது குழல்முனை கீழே குத்துகிறதா, தோள் முன்னே தள்ளுகிறதா, கண் மூடுகிறதா என்று அவர் பார்க்கட்டும். முனை அசையவில்லை என்றால் துப்பாக்கியை மாற்றத் தேவையில்லை. அசைந்தால், மாற்றுவதற்கு முன் 150 கிரெயின் தோட்டாவும் நல்ல ரீகாயில் பேடும் முயன்று பாருங்கள். அப்போதும் அசைந்தால் கிரீட்மோருக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேட்டைக்கு எத்தனை தூரம்?

ஆற்றல் எண்ணைவிட, விலங்கைத் தொடும்போது குண்டின் வேகம் என்ன என்பதைப் பாருங்கள். ஒவ்வொரு குண்டும் விரிய ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும், தயாரிப்பாளர் அதைச் சொல்லியிருப்பார். பல ஈயக்கருக் குண்டுகளுக்கு அது 1800 அடி அளவில், முழுச் செம்புக் குண்டுகளில் பலவற்றுக்கு இன்னும் மேலே. மேலே சொன்ன 180 கிரெயின் ஈயமுனைக் குண்டு 400 யார்டில் 1850 அடிக்கு வந்துவிடுகிறது, எல்லை அதுதான். நீள்மூக்கு .30-06 அங்கே 2100-க்கு மேல், கிரீட்மோர் 2150 அளவில். அதாவது 300 யார்டுக்குள் சுடுபவருக்கு மூன்றுமே போதும், அதிலும் கனமான விலங்கு என்றால் .30-06-ன் கூடுதல் கனமும் அகலமும் சாதகம். 600 யார்டு தாண்டி இரும்புத் தகட்டில் நாள் முழுக்கச் சுடுகிறவருக்கு கிரீட்மோர், கேள்வியே இல்லை.

குழல் தேய்ந்துவிட்டால்

மாறுவதற்குச் சரியான நேரம் அதுதான். இரண்டு தோட்டாவின் அடிப்பக்க விட்டமும் 0.473 அங்குலம், எனவே போல்ட் முகத்தைத் தொடாமல் குழலை மட்டும் மாற்றலாம். ஆனால் .30-06-ன் முழு நீளம் 3.34 அங்குலம், கிரீட்மோர் 2.825. நீளமான மேகஸினுக்குள் குட்டைத் தோட்டா முன்னும் பின்னும் ஓடி, போல்ட் தள்ளும்போது மூக்கு இடித்துச் சிக்கும். மேகஸினின் பின்பக்கத்தில் அரை அங்குலத் தடுப்பு வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். குழல் போட்டபின் ஹெட்ஸ்பேஸை மறுபடி அளந்து, பழைய .30-06 தோட்டாக்களைத் தனிப் பெட்டியில் பூட்டிவிட்டு, புதிய குழலின் மேல் தோட்டாவின் பெயரைப் பொறிக்கச் சொல்லுங்கள்.